வயலின் ஓரத்தில் நிற்கிறவர்கள்



மார்ச் மாதம் பிறந்துவிட்டால், ஆராதனை முடிந்து வாசலில் நிற்கையில் என் காதில் விழும் பேச்சின் பொருள் மாறிவிடுகிறது. பனியையும் வருமான வரியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் கோடை விடுமுறையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் மட்டும் சற்று ஒதுங்கி நின்று, மற்றவர்கள் கலைந்த பின் கேட்கிறார்கள்: "ஐயா, இந்தக் கோடையில் பிள்ளைக்கு ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இடம் கிடைக்குமா?"

இந்தக் கேள்வியை நான் அற்பமாக எண்ணுவதில்லை. நாம் குடியிருக்கும் நியூ ஜெர்சி ஆய்வகங்கள் நிறைந்த மாநிலம். 1943ஆம் ஆண்டில், ரட்கர்ஸ் வேளாண் கல்லூரியின் நிலவறை ஆய்வகம் ஒன்றில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். காசநோயை எதிர்த்துப் பலன் தந்த முதல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அதுவே. நம்மில் மூத்தவர்கள் அந்த ஊசியின் பெயரை ஊரிலேயே கேட்டிருப்பார்கள். ஷாட்ஸ் வசதியற்ற விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்குழுவில் மாதம் 40 டாலர் உதவித்தொகையில் அவர் உழைத்தார். இந்த 40 டாலரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் தியானிக்கப்போகும் காரியத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

சென்ற ஆண்டு நம் சபையின் தகப்பன் ஒருவர் என் அறைக்கு வந்தார். அவர் மென்பொருள் பொறியாளர். மகன் பதினோராம் வகுப்பு. நம் சபையிலேயே வேதியியல் பேராசிரியராக இருக்கும் சகோதரரிடம் மகனுக்காக ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டார். கேட்டதில் தவறில்லை. தகப்பன் தன் பிள்ளைக்காகக் கேட்காமல் வேறு யார் கேட்பது? நான் பேராசிரியரிடம் பேசினேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, கோடையில் பள்ளிப் பிள்ளை ஒருவரை அருகில் நிறுத்திக் கற்றுக்கொடுக்க என்னிடம் ஒரே ஒரு மேசைக்குத்தான் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்காக நம் மக்களிடமிருந்து மட்டும் ஆண்டுதோறும் மூன்று நான்கு கடிதங்கள் வருகின்றன. எல்லாம் நல்ல பிள்ளைகள். ஆனால் கடிதம் எழுதத் தெரிந்த பெற்றோர் இல்லாத பிள்ளை ஒன்றுகூட என் ஆய்வகத்தின் வாசலுக்கு வந்ததில்லை. இந்த ஆண்டு அந்த இடத்தைச் சீடு திட்டத்துக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்."

அந்தத் திட்டத்தைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். 1876இல் நிறுவப்பட்ட அமெரிக்க வேதியியல் சங்கம், 1968இல் 'பிராஜெக்ட் சீடு' என்ற பெயரில் அதைத் தொடங்கியது. சீடு என்றால் விதை. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே 1968இல்தான். சம வாய்ப்பு என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் என்று இந்தத் தேசம் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. திட்டத்தின் அமைப்பு எளியது. குறைந்த வருமானமுள்ள குடும்பத்தைச் சேர்ந்த உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், கோடையில் எட்டு முதல் பத்து வாரம் வரை, பல்கலைக்கழகத்திலோ தொழில் நிறுவனத்திலோ இயங்கும் மெய்யான ஆய்வகத்தில், விஞ்ஞானி ஒருவரின் நேரடி வழிகாட்டுதலில் வேலை செய்கிறார். முடிவில் தம் ஆய்வைப் பற்றி அறிக்கை எழுதுகிறார். விரும்பினால் இரண்டாவது கோடையிலும் தொடரலாம். அரை நூற்றாண்டுக்கு மேலாக, பத்தாயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் இந்த வழியில் ஆய்வகங்களுக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

இதில் என் கண்ணில் முதலில் பட்டது ஒரு சிறு விவரம். மாணவருக்கு ஊக்கத்தொகை கொடுக்கப்படுகிறது. கோடைக்காலப் படிப்புகள் பலவற்றில் கற்றுக்கொள்கிறவர் பணம் கட்டுகிறார். சிலவற்றில் கட்டணம் இல்லை என்பதையே பெரிய கருணையாகச் சொல்கிறார்கள். இங்கோ கற்றுக்கொள்ள வருகிறவரின் கையில் பணம் கொடுக்கிறார்கள். ஏன்?

அதற்கான பதிலை எனக்குச் சொன்னவள் பதினாறு வயது மாணவி ஒருத்தி. அவளும் அவள் தாயும், பேராசிரியரும் அந்தத் தகப்பனும் இசைவு தந்ததால்தான் இவற்றை எழுதுகிறேன், பெயர்கள் வேண்டாம். நாம் ஞாயிறு பிற்பகலில் ஆராதிக்கும் இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், இடம் கொடுத்த அமெரிக்கச் சபையார் வாரந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கிவருவதை அறிவீர்கள். நம் சகோதரிகளும் அதில் உதவுகிறார்கள். அந்த வரிசையில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவள் அவள். தாய் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தவர். இரவு நேரத்தில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்கிறார். பெட்டிகளை அடுக்க உதவிக்கொண்டே, பள்ளியில் வேதியியல் பாடம் தனக்கு மிகவும் பிடிக்கும் என்று அவள் ஒருநாள் சொல்லியிருந்தாள். பேராசிரியர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு அவள் நினைவு வந்தது. விவரத்தைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. மூன்று கேள்விகள் கேட்டாள்.

"பாஸ்டர், அந்த இடத்துக்குப் பேருந்து போகுமா? அம்மா பகலில் தூங்கவேண்டும், தம்பியை யார் பார்த்துக்கொள்வார்கள்? கோடை முழுவதும் கடையில் கல்லாவில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன், அந்தச் சம்பளத்துக்கு என்ன செய்வது?"

விண்ணப்பத்தில் என்ன எழுதவேண்டும், எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. தன் அறிவைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவள் வீட்டில் கோடை என்பது விடுமுறை அல்ல, சம்பாதிக்கும் பருவம். பள்ளி ஜூனில் மூடி செப்டம்பரில் திறக்கிறது. இடைப்பட்ட பத்து வாரங்களில் அவள் கொண்டுவரும் கூலியில் ஒரு பங்கு வாடகைக்குப் போகும், ஒரு பங்கு தம்பியின் காலணிக்குப் போகும். அவளிடம் சென்று "இலவசமாக வந்து கற்றுக்கொள்" என்று சொல்வது, உன் பத்து வாரக் கூலியைக் கட்டணமாகச் செலுத்திவிட்டு வா என்று சொல்வதுதான். நம் பிள்ளைகளுக்கு அதே இடம் உண்மையிலேயே இலவசம். அவர்களுடைய கோடைக்கு வேறு யாரும் காத்திருப்பதில்லை.

ஊக்கத்தொகையின் நியாயம் இதுதான், பிரியமானவர்களே. மாணவரை ஈர்ப்பதற்காகக் கொடுக்கும் பரிசு என்று அதை எண்ணவேண்டாம். ஏழையின் நேரத்துக்கும் விலை உண்டு என்று ஒப்புக்கொள்வது அது. ஷாட்ஸுக்குக் கிடைத்த மாதம் 40 டாலரும் அப்படிப்பட்டதே. கதவைத் திறந்து வைத்துவிட்டு, "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று அறிவிப்பது எளிது. வரமுடியாதபடி எது ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்டு, அந்த விலையைச் செலுத்துவது வேறு.

இதை நினைத்துக்கொண்டிருந்த வாரத்தில், இறையியல் கல்லூரியில் படித்த காலத்தில் குறிப்பெடுத்து வைத்திருந்த ஒரு பகுதியை மீண்டும் எடுத்துப் படித்தேன். லேவியராகமத்தில் அறுவடையைப் பற்றிய கட்டளை உங்களுக்குத் தெரியும். வயலின் ஓரத்தைத் தீர அறுக்கக்கூடாது. சிந்திய கதிரைப் பொறுக்கக்கூடாது. அவை எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியவை. ஓரம் என்பதற்கு எபிரெயத்தில் பெயா என்று பெயர். எவ்வளவு விடவேண்டும் என்று நியாயப்பிரமாணம் அளவு குறிக்கவில்லை. ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத நூலில் பெயா என்ற பெயரிலேயே ஒரு பகுதி இருக்கிறது. குறைந்தது அறுபதில் ஒரு பங்காவது விடவேண்டும் என்று யூத ஆசிரியர்கள் அதில் வரையறுத்தார்கள்.

ஆனால் என்னை நிறுத்தியது அந்தக் கணக்கு அல்ல. வயலின் சொந்தக்காரன் ஓர் ஏழையைப் பொறுக்கவிட்டு இன்னொருவனைத் தடுத்தாலும், ஒருவனுக்கு மட்டும் கைகொடுத்து உதவினாலும், அவன் ஏழைகளைக் கொள்ளையிடுகிறவன் என்று அதே பகுதி தீர்ப்புச் சொல்கிறது. கொள்ளை! கொடுக்கிறவனைப் பார்த்துச் சொல்லும் சொல்லா இது? ஆம். ஏனெனில் ஓரத்தில் நிற்கும் கதிர் அவனுடையது அல்ல. தனக்குப் பிடித்தவனுக்கு அதைக் கொடுக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. அது ஏற்கனவே ஏழையின் சொத்து. சொந்தக்காரன் செய்யவேண்டியதெல்லாம் வழிவிட்டு விலகி நிற்பதுதான்.

அப்படியானால் போவாஸ் ரூத்துக்குத் தனிப்பட்ட தயவு காட்டினானே என்று கேட்பீர்கள். நானும் அந்த அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். ரூத் தன்னுடைய வயலிலேயே, வேலைக்காரிகளோடு, தொந்தரவின்றி வேலை செய்ய அவன் ஏற்பாடு செய்தான். தாகத்துக்குத் தண்ணீரும் பசிக்கு உணவும் கிடைக்கச் செய்தான். அவளை யாரும் அவமானப்படுத்தாதபடி ஆட்களுக்குக் கட்டளையிட்டான். பின்பு, அரிக்கட்டுகளிலிருந்தே சில கதிர்களை உருவி அவளுக்காக வேண்டுமென்றே விட்டுவிடச் சொன்னான். அரிக்கட்டு யாருடையது? போவாஸுடையது. ஓரத்தில் மற்ற ஏழைகளுக்கு விழுந்த பங்கை எடுத்து அவன் அவளுக்குக் கொடுக்கவில்லை. தயவு காட்ட விரும்பியபோது தன் சொந்தக் கட்டை அவிழ்த்தான். அதை அவள் பிச்சையாகவும் பெறவில்லை. சாயங்காலம்வரை குனிந்து பொறுக்கி, தானே தட்டி அடித்து, ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமையைச் சுமந்துகொண்டு நகோமியிடம் போனாள். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவளுடைய உழைப்பினால்.

பாதுகாப்பான இடம், உணவு, அவமானமில்லாத நடத்தை, மெய்யான வேலை, வீட்டுக்குக் கொண்டுபோகும் கூலி. ஒரு விதவையின் மருமகளுக்குப் போவாஸ் அமைத்துக் கொடுத்த வயலுக்கும், நல்ல மனதோடு நடத்தப்படும் ஒரு கோடைக்கால ஆய்வகத்துக்கும் நான் அதிக வேறுபாடு காணவில்லை.

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் சபையில் வேதியியல் ஆய்வகங்களில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் ஆல்ட்ரிச் என்ற பெயர் பொறித்த குப்பியைக் கையில் எடுத்திருப்பார்கள். அந்த நிறுவனத்தை 1951இல் மில்வாக்கி நகரில் தொடங்கியவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் பேடர். 1924இல் வியன்னாவில் பிறந்தவர். 1938 டிசம்பரில், நாஜிகளின் கையிலிருந்து தப்பவைக்கப்பட்ட யூதப் பிள்ளைகளோடு, 14 வயதில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். 1940இல், எதிரி நாட்டான் என்ற பெயரில், அதே இங்கிலாந்து அவரைப் பிடித்துக் கனடாவில் ஒரு முகாமில் அடைத்தது. 1941இல் விடுதலையானபோது படிக்க இடம் தேடினார். எல்லாக் கதவுகளும் திறக்கவில்லை. ஒரு பல்கலைக்கழகம் யூத மாணவர்களுக்கான இடங்கள் நிரம்பிவிட்டன என்று மறுத்தது. கிங்ஸ்டன் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து ஹார்வர்டுக்குச் சென்று 1950இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் செல்வந்தரானபோது, அவரும் மனைவி இசபெல்லும் தாராளமாக ஆதரித்த காரியங்களில் சீடு திட்டமும் ஒன்று. பேடர் 2018இல், 94 வயதில் காலமானார்.

தம்மை யார் உள்ளே விட்டார்கள் என்பதை அந்த மனிதர் மறக்கவில்லை. இஸ்ரவேலருக்கு ஓரத்தை விடும்படி கட்டளையிட்ட வேதமும் அதே காரணத்தையே திரும்பத்திரும்ப நினைப்பூட்டுகிறது: எகிப்திலே நீங்களும் அடிமைகளாயிருந்தீர்கள். இந்த நாட்டுக்கு வந்த நமக்கும் அது பொருந்தும். நம்மில் எத்தனை பேர் ஊரில் ஆசிரியர் ஒருவர் கட்டணம் கட்டியதால் படித்தவர்கள்? எத்தனை பேர் ஒரு விடுதியின் தயவால் பட்டம் பெற்றவர்கள்? நம் பேராசிரியர் படித்த கிராமத்துப் பள்ளியில் சோதனைக்கூடம் என்று ஓர் அறை இருந்ததாம்; அதில் உடைந்த மேசைகளைப் போட்டு வைத்திருந்தார்களாம். கல்லூரிக்குப் போன பின்தான் அவர் முதன்முதலில் ஒரு குடுவையைக் கையில் பிடித்தார்.

சரி, அந்த மாணவியின் கோடைக்கு வருவோம். ஆய்வகத் தலைவரும் உள்ளூர் ஒருங்கிணைப்பாளரும் முறைப்படி விண்ணப்பித்தார்கள். பின்பு அவளும் மற்ற மாணவர்களோடு விண்ணப்பித்தாள். நான் பரிந்துரைக் கடிதம் எழுதவில்லை. அவளுடைய பள்ளி ஆசிரியை எழுதினார். அவள் தெரிந்தெடுக்கப்பட்டாள். ஊக்கத்தொகை அவளுடைய மூன்றாவது கேள்விக்குப் பதிலாயிற்று. மற்ற இரண்டுக்கும் திட்டத்தில் பதில் இல்லை. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஆய்வகம் வெகுதூரம். அங்கேதான் நம் சகோதரிகள் நால்வர் முன்வந்தார்கள். வயது வராத பிள்ளையைப் பெரியவர் ஒருவர் தனியே ஏற்றிச் செல்லக்கூடாது என்ற நம் சபை விதிப்படி, இருவர் இருவராக முறை வைத்துக் காலையும் மாலையும் வண்டி ஓட்டினார்கள். தம்பிக்கு விடுமுறை வேதாகமப் பள்ளியிலும், அது முடிந்தபின் ஓய்வுபெற்ற நம் மூதாட்டி ஒருவர் வீட்டிலும் இடம் கிடைத்தது. அவன் இப்போது இட்லியை விரும்பிச் சாப்பிடுகிறான்.

ஆய்வகத்தில் அவள் என்ன கற்றாள்? பள்ளியில் செய்யும் சோதனைக்கு விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும். ஆய்வகத்தில் செய்யும் சோதனைக்கு விடை யாரிடமும் இல்லை, பேராசிரியரிடமும் இல்லை. முதல் இரண்டு வாரம் பாதுகாப்புப் பயிற்சி, எடை போடுதல், கரைசல் தயாரித்தல். பின்பு ஒரு வினையை அவளிடமே ஒப்படைத்தார்கள். குடுவையில் வினை முன்னேறுகிறதா என்று பார்க்க, சிலிக்கா பூசிய சிறு தகட்டில் ஒரு துளியைப் புள்ளியாக வைத்து, கரைப்பான் ஏறிய பின் புறஊதா விளக்கின்கீழ் பிடித்துப் பார்க்கவேண்டும். தொடக்கப் பொருளின் புள்ளி மறைந்து வேறிடத்தில் புதிய புள்ளி தோன்றினால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். மூன்று வாரம் பழைய புள்ளி மறையவே இல்லை. வீடு திரும்பும் வழியில் அவள் ஒரு வார்த்தையும் பேசமாட்டாள் என்று வண்டி ஓட்டிய சகோதரிகள் சொன்னார்கள்.

ஒருநாள் தன் குறிப்பேட்டை எனக்குக் காட்டினாள். ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதியதை அழிக்கக்கூடாதாம். பக்கத்தைக் கிழிக்கவும் கூடாதாம். தவறாக எழுதினால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, அடியிலிருப்பது வாசிக்கும்படி விட்டுவிட்டு, தேதியும் முதலெழுத்தும் இட்டு, அருகில் சரியானதை எழுதவேண்டும். அவளுடைய பக்கங்களில் கோடுகள் ஏராளம். பள்ளியில் சிவப்பு மையினால் அடிக்கப்பட்ட விடை அவமானத்தின் அடையாளம். இங்கேயோ கோடு போட்ட வரியும் ஆய்வின் ஒரு பகுதியாக மதிக்கப்படுகிறது. அடுத்து வருகிறவர் அதே வழியில் போய் நேரத்தை வீணாக்காமல் அது காக்கிறது. தோற்றுப்போக அனுமதி இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை எண்ணிப்பாருங்கள். வசதியுள்ள பிள்ளை ஒரு கோடையை வீணாக்கலாம், அடுத்த கோடை உண்டு. ஏழைப் பிள்ளைக்கு ஒவ்வொரு முயற்சியும் கடைசி முயற்சி போலவே தோன்றுகிறது. தவறிவிட்டு மீண்டும் தொடங்க இடமளிப்பதும் ஓர் ஈவுதான்.

நான்காம் வாரம், கரைப்பானில் ஈரம் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். உலர்ந்த கரைப்பானில் செய்தபோது புதிய புள்ளி தோன்றியது. உலகை மாற்றும் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஒரு பெரிய ஆய்வின் சங்கிலியில் ஒரு சிறு கண்ணி. ஆனால் அதை அவள் செய்தாள்.

இப்படிப்பட்ட கோடைகளில் சில வெகுதூரம் போவதும் உண்டு. 1955இல் டேவிட் பால்டிமோர் என்ற உயர்நிலைப் பள்ளி மாணவர் மேய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு கோடையைக் கழித்தார். அங்கே ஹோவர்ட் டெமின் என்ற மூத்த மாணவரைச் சந்தித்தார். 1970இல் இருவரும் தனித்தனியே ஒரே நொதியைக் கண்டுபிடித்தார்கள். 1975இல் ரெனாட்டோ துல்பெக்கோவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதைச் சொல்வது நம் மாணவி நோபல் பரிசு பெறுவாள் என்பதற்காக அல்ல. அவள் செவிலியர் படிப்புக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பதினேழு வயதுப் பிள்ளை ஒரு கோடையில் யார் அருகில் நிற்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்காகவே சொல்கிறேன். அருகில் நிற்கும் அந்த இடம் உறவாலும் அறிமுகத்தாலும் மட்டும் நிரப்பப்படும்போது, நாம் பார்க்காமலே போன பால்டிமோர்கள் எத்தனை பேரோ?

ஆகஸ்ட் மாதக் கடைசியில் மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, வருகிறவர்களுக்கு விளக்கினார்கள். நானும் போயிருந்தேன். அவளுடைய தாய் இரவு வேலை முடித்து, தூங்காமல், சீருடையோடு வந்தார். அப்படிப்பட்ட கட்டடங்களை இரவில் துடைத்துப் பழகியவர். பகலில் ஒன்றுக்குள் விருந்தினராக வந்தது அதுவே முதல்முறை. மகள் ஸ்பானிய மொழியில் விளக்கினாள். தாய் முழுவதையும் கேட்டுவிட்டுப் பேராசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், மகள் மொழிபெயர்த்தாள். "இந்த மெல்லிய கையுறை இவளுக்குப் போதுமா?" துப்புரவு மருந்துகளால் தோல் வெந்த கைகள் அவருடையவை. பேராசிரியர் அந்தக் கேள்வியை ஒரு சக வேதியியலாளரின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். எந்தக் கரைப்பான் அந்தக் கையுறையை எவ்வளவு விரைவில் ஊடுருவும், எதற்கு வேறு கையுறை வேண்டும் என்று பத்து நிமிடம் நின்று விளக்கினார். தாய் தலையசைத்துக் கேட்டார். போவாஸ் தன் ஆட்களுக்குச் சொன்னதை நான் அப்பொழுது நினைத்துக்கொண்டேன்.

இனி, அந்தத் தகப்பனுக்கு வருகிறேன். பேராசிரியரின் முடிவை நான் தெரிவித்தபோது அவர் மனம் நொந்தார். "ஐயா, நான் கஷ்டப்பட்டு மேலே வந்தேன். அது என் பிள்ளையின் குற்றமா?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். குற்றமே அல்ல. உங்கள் பிள்ளைக்கு உங்கள் அரிக்கட்டுகள் இருக்கின்றன. தாராளமாக அவிழ்த்துக் கொடுங்கள். புத்தகம் வாங்கிக் கொடுங்கள், கட்டணம் கட்டிப் படிக்கவையுங்கள், உங்களுக்குத் தெரிந்ததை நீங்களே உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள். ஆனால் வயலின் ஓரம் நம்முடையது அல்ல. சபையின் உறவைக் கொண்டு, போதகரின் வார்த்தையைக் கொண்டு அந்த ஓரத்தையும் நாம் அறுத்துக்கொண்டால், பொறுக்க வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சும்? அவர் இன்றுவரை முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தும் ஞாயிறுதோறும் வருகிறார், அதைப் பற்றி என்னோடு வாதாடுகிறார். அந்த வாதத்துக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன், அக்கறையில்லாதவன் வாதாடமாட்டான்.

இந்த ஆண்டும் மார்ச் வந்துவிட்டது. உங்களிடம் சில காரியங்களைக் கேட்கிறேன். ஆய்வகத்துக்கும் நிறுவனத்துக்கும் பொறுப்பிலிருக்கிறவர்களே, கோடையில் உங்களிடம் ஓர் இடம் இருந்தால், தொலைபேசி அழைப்பினால் அடையமுடியாத ஒரு பிள்ளைக்கு அதை ஒதுக்கமுடியுமா என்று சிந்தியுங்கள். ஊதியமில்லாத இடமாக இருந்தால், அதற்கு ஊதியம் தேடுங்கள். வண்டி ஓட்டக்கூடியவர்களே, இந்த முறை நால்வருக்குப் பதிலாக எட்டுப் பேர் இருந்தால் இரண்டு மாணவர்களை அழைத்துப்போகலாம். பகலில் வீட்டிலிருக்கும் மூத்தவர்களே, ஒரு தம்பியையோ தங்கையையோ பார்த்துக்கொள்வது ஆராய்ச்சிக்குச் செய்யும் உதவி என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஆய்வகத்தில் மூடிய காலணியும் நீளக் காற்சட்டையும் கட்டாயம். அவற்றை வாங்கித்தரவும் ஆள் வேண்டும். பிள்ளைகளே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வகுப்பில் வேதியியலை உங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டு, பள்ளி முடிந்ததும் வேலைக்கு ஓடுகிற தோழன் யார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. விண்ணப்பிக்கும்படி அவனிடம் சொல்லுங்கள்.

ஜெபிப்போம்.

அறுப்புக்கு எஜமானரே, எங்களுக்கு வயலைத் தந்தீர். ஓரத்தைப் பிறருக்கென்று குறித்தீர். எங்கள் அரிவாள் எங்கே நிற்கவேண்டும் என்பதை எங்களுக்குக் காட்டும். எங்கள் பிள்ளைகளை நாங்கள் நேசிப்பது போலவே, கடிதம் எழுத ஆளில்லாத பிள்ளைகளையும் நேசிக்கக் கற்றுத்தாரும். இரவில் உழைத்துப் பகலில் விழித்திருக்கும் தாய்மாருக்கு இளைப்பாறுதல் தாரும். இந்தக் கோடையில் யாருடைய கேள்விக்கு நாங்கள் பதிலாக இருக்கவேண்டுமோ, அவரை எங்கள் வாசலுக்குக் கொண்டுவாரும். ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்